எதிர்வசனக்காரி

நடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? கண்ணாடி முன் நின்று அழுது பழகு, உடம்பை ஏற்று, பெரிய ஆட்கள் வந்து போகும் இடத்தில் கண்ணில் படுகிற மாதிரி நில் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இவர்களில் பாதிப் பேர் கேமராவைக் கல்யாண வீட்டில்தான் பார்த்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து உருப்படியாகச் சொன்ன ஒரே ஆள் என் மனைவி. அவள் முகம் இன்றுவரை ஒரு படத்திலும் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நிதானமான எழுத்து வேண்டுமென்பவர்கள் வேறு எதையாவது படிக்கலாம்.

அவள் வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்கே இன்னும் விளங்கவில்லை. ஆடிஷனுக்கு ஒரு பெண் வருகிறாள் என்று வையுங்கள். காட்சியில் அவள் அப்பாவிடம் சண்டை போட வேண்டும். அப்பா வேஷத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அவர் இதற்கெல்லாம் வரமாட்டார். அப்பாவின் வசனத்தை யார் சொல்வது? கேமராவை ஒட்டினாற்போல ஒரு ஸ்டூலில், படத்தில் விழாத இடத்தில், கையில் தாளோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அப்பாவும் அவள்தான், மாமியாரும் அவள்தான், ஃபோனில் மிரட்டுகிற கடத்தல்காரனும் அவள்தான். ஒரே நாளில் ஏழெட்டுப் பையன்களிடம் "உன்னைப் பிடிக்கலை" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் பிடித்த மாதிரி பேசுவாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், ஒவ்வொரு படத்திலும் கடைசிப் பெயர் ஓடி விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "எங்க மாப்ள என் தங்கச்சி?" என்று என்னைக் கேட்பார். நான் என்ன சொல்வேன்? கதாநாயகி அழுதாளே, அவளை முதன்முதலில் அழவைத்ததே உங்கள் தங்கச்சிதான் என்று சொன்னால் அடிக்க வருவார்.

அவளும் நடிக்கத்தான் வந்தாள். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான்காவது மாடியில், படங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற காஸ்டிங் சாரின் ஆபீஸ். கதாநாயகியின் தோழி வேஷத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து வரிசையில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்து எதிர்வசனம் வாசிக்கிற ஆள் வரவில்லை. உங்கள் முறை வரும்வரை கொஞ்சம் வாசியுங்கள் என்று காஸ்டிங் சார் இவளைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். வாசித்தாள். அவள் முறை வரவே இல்லை. வந்த பெண்கள் எல்லாரும் அன்று வழக்கத்தைவிட நன்றாகச் செய்ததை அந்த மனிதர் கவனித்துவிட்டார். நாளைக்கும் வாருங்கள் என்றார். இவளும் அதைப் பெரிய பாராட்டு என்று நினைத்துக்கொண்டு போனாள். குழியில் விழுகிறவர்கள் யாராவது குழி என்று தெரிந்தா விழுகிறார்கள்?

நான் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டிடத்து லிஃப்ட் என் பொறுப்பு. அது ஒரு நோஞ்சான் லிஃப்ட், இரண்டாவது மாடியில் நின்று யோசிக்கும். மற்ற ஆபீஸ்காரர்கள் கட்டிட மேனேஜரிடம் புகார் சொல்வார்கள். இவள் நேரே எனக்கு ஃபோன் போட்டுத் திட்டினாள். நீங்கள்தான் மேலே போயாச்சே, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டேன்.

"எனக்காக இல்ல. நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கிட்டு வர்றாங்க. முதல் டேக் முழுக்க மூச்சுதான் கேக்குது. அது அடங்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுடறாங்க."

யாரோ பெற்ற பிள்ளைகளின் மூச்சுக்காக ஒருத்தி இப்படிச் சண்டை போடுகிறாளே என்று முதலில் சிரிப்பு வந்தது. லிஃப்டை உடனே சரி செய்தேன். அதன் பிறகு அது பழுதாகாத நாளில்கூட நான் அந்தக் கட்டிடத்துக்குப் போக ஆரம்பித்தேன். கடைசியில் கல்யாணத்தில் போய் முடிந்தது.

ஆபீஸ் திறக்கும் முன்பே போய், வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருக்கிறவர்களிடம் ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வருவாள். அங்கே அவள் சொன்னதையெல்லாம் நான் ஏணியில் நின்று வயரைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். சீக்கிரம் வந்து உட்கார்ந்து மூச்சை ஆறவிடுங்கள் என்பாள். வேலைக்காரி வேஷம் என்றால் துடைப்பத்தோடு வராதீர்கள், உடையில் ஒரு சாயல் இருந்தால் போதும். ஃபோட்டோவில் இருக்கிற முகமும் கதவைத் திறந்துகொண்டு வருகிற முகமும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு அம்மாள் தன் கல்லூரிக்காலப் படத்தை அனுப்பிவிட்டு வந்து, உங்கள் மகள் வரவில்லையா என்று கேட்கும்படி ஆகிவிட்டது. ஒப்பிப்பதற்காக மனப்பாடம் செய்யாதீர்கள், எதிராளி சொல்வது காதில் விழவேண்டும் என்பதற்காகச் செய்யுங்கள். தடுமாறினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காமல் மேலே போங்கள். தாள் கையில் இருக்கலாம், ஆனால் முக்கியமான இடத்தில் அதைப் பார்க்காதீர்கள், அந்த இடத்துக்காகத்தான் கேமராவே வைத்திருக்கிறார்கள். வாசிக்கிறவள் சரியில்லை என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். ஷூட்டிங்கில் சுவரைப் பார்த்துப் பேசச் சொல்வார்கள், சுவர் சரியில்லை என்பீர்களா? முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய் அதை மறந்துவிடுங்கள், கையிலிருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் ஏன் இலவசமாக அள்ளி விடுகிறாய் என்று கேட்டால், ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உள்ளேயும் அதே கதைதான். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனை அணைத்துவிடுவார்கள், அந்தப் புழுக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். ஒரு பையன் சொதப்பி, காஸ்டிங் சார் போதும் என்று கையைத் தூக்கினால், "சார், இன்னொரு டேக் பாக்கலாம், இப்பதான் சூடு பிடிக்குது" என்று கெஞ்சுவாள். நடிக்கிறவர் உடைந்து அழவேண்டிய இடம் வந்ததும் தன் கண்ணைத் தாளுக்குள் இறக்கிக்கொள்வாள். ஒருத்தி முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கு அழுகை வரும் என்பது அவள் நியாயம். அப்படி அழுதவர்கள் பலர் இன்று போஸ்டரில் இருக்கிறார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவள் வாயால் பிழைத்ததெல்லாம் அடுத்தவர்கள்.

அவளுக்கு ஏற்ற வேஷம் வராமலா இருந்தது? வந்தது. ஒவ்வொரு முறையும், நீங்கள் அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் யார் வாசிப்பது என்று காஸ்டிங் சார் சிரிப்பார். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவாள்.

போன வருடம் ஒரு வேஷம் வந்தது. ஒரு வீட்டில் பல வருடம் வேலை செய்கிற பெண். முதலாளியம்மாவின் மோதிரம் காணாமல் போகிறது, பழி இவள் மேல் விழுகிறது. மூன்றே காட்சி. அந்த அம்மாள் கத்து கத்தென்று கத்தி முடிக்க, இந்தப் பெண் ஒன்றும் பேசாமல் அவளைப் பார்க்க வேண்டும். பிறகுதான் "நான் எடுக்கல" என்று சொல்ல வேண்டும். வயதும் சரி, முகமும் சரி. பத்து வருடத்தில் முதல் தடவையாக என் மனைவி வாய் திறந்து கேட்டாள். காஸ்டிங் சார் மறுக்கவில்லை. எல்லாரும் முடிந்தபிறகு கடைசியாகப் பண்ணுங்கள் என்றார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் நான்தான் முதலாளியம்மா. என் வாசிப்பு, லிஃப்டுக்குள் "கதவை மூடவும்" என்று சொல்கிற குரல் மாதிரி இருந்ததாம். பரவாயில்லை, அன்றைக்கும் இப்படி ஒருத்தர்தான் கிடைப்பார், நல்ல பயிற்சி என்றாள். ஆனால் அவள் செய்ததை நான் பார்த்தேன். எடுத்தியா இல்லையா என்று நான் கேட்டு முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அவ்வளவுதான். மோதிரத்தை எடுத்தது நானோ என்று எனக்கே உடம்பு கூசும். இந்த வேஷம் இவளுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு என்று மச்சானிடமும் சொல்லி வைத்தேன்.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்து அதே வேஷத்துக்கு வந்த அத்தனை பெண்களுக்கும் முதலாளியம்மாவாக வாசித்தது இவளேதான். தன் போட்டியாளர்களுக்குத் தானே தீனி போட்டிருக்கிறாள். ஒருத்திக்கு மூன்றாவது டேக் வேறு கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் தன் முறை வந்தபோது தொண்டை கட்டிவிட்டது. ஸ்டூலில் உட்கார ஆள் இல்லை. கேமராக்காரரே ஒரு கண்ணைக் கேமராவிலும் ஒரு கண்ணைத் தாளிலும் வைத்துக்கொண்டு வாசித்தார், நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டார். அதையும் சமாளித்துவிட்டாள். முதலாளியம்மா கத்தி முடித்தாள். பேசாமல் பார்க்க வேண்டிய அந்த இடம் வந்தது. என் மனைவி கண்ணைத் தாளுக்குள் இறக்கிக்கொண்டாள்.

வசனம் மறந்துவிட்டதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பழக்கம். யாரோ நடிக்கப் போகிறார்கள், நாம் இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று இத்தனை வருடம் பழகிய கண் தன்னால் இறங்கிவிட்டது. நடிக்க வேண்டியவள் தான்தான் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. நிமிர்வதற்குள் இடம் போய்விட்டது. நீங்களே பேப்பரைப் பார்த்தால் எப்படிம்மா என்று காஸ்டிங் சார் சிரித்தாராம். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

இன்னொரு டேக் எங்கே போயிற்று? வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கிடைத்த இன்னொரு டேக்? அதைக் கேட்கிற ஆள் அந்த அறையில் ஒருத்திதான், அவள், நடிக்கிறவர் நிற்பதற்காகத் தரையில் ஒட்டிய டேப் மேல் நின்றுகொண்டிருந்தாள். நீ கேட்டிருக்கக்கூடாதா என்று வீட்டில் கத்தினேன்.

"எனக்காக நானே எப்படிங்க கேக்கறது?"

காஸ்டிங் சாரைத் திட்டினேன், கேமராக்காரரைத் திட்டினேன், மூன்றாவது டேக் வாங்கிக்கொண்டு போன முகம் தெரியாத பெண்ணைத் திட்டினேன். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். இவள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வாசிக்கத் தொண்டை வேண்டுமாம்.

சில வாரம் கழித்து, நான் மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது காஸ்டிங் சாரே படியேறி வந்தார். கையைப் பிடித்துக் குலுக்கினார், என் கையில் கிரீஸ் இருந்தும் குலுக்கினார். உங்கள் வீட்டம்மாவுக்குப் படத்தில் வேலை கிடைத்துவிட்டது, ஷூட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று மச்சானுக்கு ஃபோன் போட்டேன். அந்தப் பெரிய மனிதர் குரல் உடைந்து அழுதேவிட்டார். பிறகு கீழே ஓடினேன், காஸ்டிங் சாரும் பின்னாலேயே வந்தார்.

அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. வேஷம் மூன்றாவது டேக் பெண்ணுக்குப் போயிருந்தது. முதலாளியம்மாவாக நடிப்பவர் பெரிய நட்சத்திரமாம், தன் முகம் வராத ஷாட்டுக்கெல்லாம் எதிரில் வந்து நிற்கமாட்டாராம். அந்தப் பெண்ணோ, அந்தக்கா எதிரில் வாசித்தால்தான் எனக்கு வருகிறது என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டாளாம். அதனால் என் மனைவி ஷூட்டிங்குக்கு வந்து கேமரா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டுமாம். ஸ்டூல்கூட இல்லை, முதுகு சாய்கிற நாற்காலியே தருவார்களாம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று காஸ்டிங் சார் தன் வாயாலேயே சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"முகம் வராது. குரலும் வராது. அப்ப படத்துல நான் எங்க சார் இருக்கேன்?"

எல்லாருக்கும் பின்னால் நீங்கள்தானம்மா இருக்கிறீர்கள் என்றார் அவர். அதைப் பெருமையாகத்தான் சொன்னார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. அவள் தாளை மடித்து ஸ்டூல் மேல் வைத்தாள். ஷூட்டிங்குக்கும் வரவில்லை, நாளையிலிருந்து இங்கேயும் வரவில்லை என்றாள். இத்தனை வருடம் சோறு போட்ட இடம் என்று அவர் ஆரம்பித்தார். நாளைக்கு வருகிறவர்களுக்கு யார் வாசிப்பது என்று கேட்டார். தெரியலை சார் என்று மரியாதையாகவே சொன்னாள். என் கையால் சரி செய்த லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தும், அதற்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இரண்டு பேரும் படியில் இறங்கினோம். மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் அடித்துக்கொண்டோம். கடைசியில் அவளே சொன்னாள்.

போன வாரம் வேறொரு தெருவில் வேறொரு ஆபீஸ். ஏதோ ஒரு படத்தில் நர்ஸ் வேஷமாம். நானும் அரை நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். சீக்கிரமே போய் உட்கார்ந்தோம். எதிர்ச்சுவரில் பெரிய போஸ்டர், அதில் சிரிக்கிற பெண் இவள் முன்னால் முதன்முதலில் அழுதவள். கையிலிருந்த ஃபோனில் தட்டிக்கொண்டே ஒரு சின்னப்பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். உயரம் கேட்டாள், வயது கேட்டாள், இதற்கு முன்னால் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"இல்ல. இதான் முதல் தடவை," என்றாள் என் மனைவி.

எனக்கு ரத்தம் கொதித்தது. பத்து வருடம்! சுவரில் தொங்குகிற அந்த முகத்தைக் காட்டிச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேவிட்டேன். மணிக்கட்டில் கிள்ளி உட்காரவைத்தாள். அந்தப் பெண் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்ததும், ஏன் மறைத்தாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவள் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே, மெல்லச் சொன்னாள்:

"வாசிச்சிருக்கேன்னு சொன்னா ஸ்டூலை எடுத்துப் போட்டுருவாங்க."