வாசலில் ஒரு வட்ட மூடி

எங்கள் தெரு சாரம் என்கிற பகுதியில் இருக்கிறது. நேராக வந்து, எங்கள் வீட்டருகே வளைந்து, அங்கிருந்து இறங்கிப்போய் வாய்க்காலில் முட்டும். மழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டிலும் வளைவுக்குக் கீழே இருக்கும் வீடுகளிலும் செப்டிக் டேங்க் நிறைந்து, கழிப்பறைக்குள் தண்ணீர் எதிர்த்து வரும். லாரி வரவழைத்து உறிஞ்சினாலும் அடுத்த மழைக்கு அதே கதைதான். அந்த நாட்களில் அவசரத்துக்கு ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய் வருவோம். யாராவது கேட்டால், "அண்ணன பாத்துட்டு வரேன்" என்பேன். தெருவில் பாதிப் பேருக்கு மழைக்காலத்தில்தான் அண்ணன் தம்பி ஞாபகம் வரும்.

ஒரு வருஷம் பங்குனியில், லாஸ்பேட்டையில் கட்டிக்கொடுத்த என் மகள் போன் செய்து, உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு விரல் விட்டு எண்ணினேன். கார்த்திகை. நல்ல மழை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். பச்சைக் குழந்தையோடு அவளை இந்த வீட்டில் எப்படி வைத்துக்கொள்வேன்? அவள் மாமியார் நல்ல மனுஷி. "இங்கயே பாத்துக்கறோம் சம்பந்தி, உங்க தெரு நெலம எங்களுக்குத் தெரியாதா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

சித்திரையில் எங்கள் தெருவைச் சீரமைக்கப் போவதாகச் சொல்லி ஓர் இன்ஜினியர் அம்மா வந்தார். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தார். ஆண்கள் சுற்றி நின்றார்கள். பெண்கள் அவரவர் வாசலில் நின்றோம்.

"பாதாள சாக்கடை, குடிதண்ணிக் குழாய், கரண்ட் கேபிள், எல்லாத்தையும் ஒரே தடவ தோண்டிப் போட்டுட்டு அப்புறம்தான் ரோடு போடுவோம்" என்றார்.

"இப்படித்தான் சொல்லுவீங்க மேடம். ரோடு காயறதுக்குள்ள ஒருத்தன் கடப்பாறையோட வந்து நிப்பான்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அதோடு நின்றது. வரைபடத்தில் அங்கங்கே சின்ன வட்டங்கள் இருந்தன. உள்ளே இறங்கி அடைப்பு எடுக்கும் குழிகள் அவை. எந்த வட்டத்தில் விரல் வைத்தாலும் அந்த வீட்டுக்காரர் "எங்க வாசல்ல வேணாம்" என்றார். கோலம் போடுகிற வாசலில் சாக்கடைக் குழியா? இன்ஜினியர் பொறுமையாக ஒவ்வொரு வட்டத்தையும் இரண்டு வீட்டுக்கு நடுவில் நகர்த்தினார். வளைவில் இருந்ததை மட்டும் நகர்த்த முடியவில்லை. குழாய் திரும்புகிற இடத்தில் குழி இல்லாவிட்டால் அங்கேதான் அடைக்குமாம். ஒன்று எங்கள் வாசல், இல்லையென்றால் எதிர்வீட்டு அக்கா வாசல்.

"எங்க வாசல்ல குழி வெட்னா லட்சுமி அதுல எறங்கிப் பூடுவா. இன்னா சொன்னாலும் முடியாது" என்றார் அக்கா. என் வீட்டுக்காரரும் வாய் திறக்கப் போவது தெரிந்தது.

இன்ஜினியர் கற்களை எடுத்துவிட்டு வரைபடத்தைச் சுருட்டினார். "நீங்க பேசி முடிவு பண்ணுங்க. நான் அடுத்த தெருவ மொதல்ல எடுத்துக்கறேன். உங்களுது மழைக்கு அப்புறம்தான்."

நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். அளவு கேட்கவே கூச்சப்பட்டு, பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். கூட்டத்தில் பேசியதே கிடையாது. "எங்க வாசல்லயே போடுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. தெருவில் இறங்கிப்போய் ஜீப் பக்கத்தில் நின்று மறுபடி சொன்னேன்.

"ஐய, இவ பேசறாடி!" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"ரோடு மட்டத்துக்கு மூடி போடணும். மேல தூக்கிட்டு நிக்கக் கூடாது. நான் கோலம் போடணும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "ஊரே வேணாம்னு தள்றத நீ கூப்ட்டு வாசல்ல குந்த வெக்கிறியா?"

"தலைப்பிரசவங்க" என்றேன். அவர் வெளியே போய்ச் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

வேலை நடந்த மாதங்களில் தெரு முழுக்கப் பலகைப் பாலம்தான். எல்லோர் வீட்டிலும் புழுதி. பக்கத்தில் யார் வீட்டுச் சுவரிலாவது லேசாகக் கீறல் விழுந்தால்கூட, "பேசுனவளக் கேளு" என்று என்னைக் காட்டினார்கள். ஆவணியில் மூடி வைத்தார்கள். ரோட்டைவிட இரண்டு விரல் உயரமாக இருந்தது. மேஸ்திரியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தினமும் காலையில் கோலமாவுக் கிண்ணத்தோடு அதன் பக்கத்தில் போய் நின்றேன். அவர் வந்து, பார்த்து, வேறு வேலைக்குப் போகும்வரை நிற்பேன்.

"யம்மா, எதனா சொல்லுங்க, இல்ல திட்டிட்டாவது போங்க. இப்படி நின்னா எனக்கு வேல ஓட மாட்டேங்குது" என்றார் கடைசியில். அன்று சாயங்காலமே பெயர்த்து எடுத்து மட்டமாக வைத்துக் கொடுத்தார். மறுநாள் மூடியை நடுவில் வைத்து, சுற்றிலும் எட்டு இதழ் இழுத்தேன். வட்டம் போட வேண்டிய வேலை மிச்சம்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடிய விடியக் கொட்டிய ஒரு நாளில், காலையில் கழிப்பறைக் கதவைப் பயந்துகொண்டே திறந்தேன். தரை காய்ந்திருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். சத்தமில்லாமல் இறங்கிப்போனது. அது போதாதென்று இன்னொரு வாளி ஊற்றினேன். என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அவரும் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தார்.

வளைகாப்பு முடிந்து மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். குழந்தையோடு வீட்டுக்கு வருகிற அன்று காலையில் தூறல் விட்டிருந்தது. நான் பெரிதாகக் கோலம் போட்டு, இதழ்களுக்குச் செம்மண் கட்டினேன். எதிர்வீட்டு அக்கா கேட்காமலே ஆரத்தித் தட்டோடு வந்து நின்றார். லட்சுமியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மருமகன் பிடித்த ஆட்டோவின் டிரைவருக்கு எங்கள் தெரு பிடிபடவில்லை போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேரா வாங்க. வளைவு வரும். அங்க வாசல்ல ரவுண்டா ஒரு மூடி, அதச் சுத்திக் கோலம் போட்ருக்கும். ஆமா, அந்த வீடுதான். எங்க வீடுதான்."