பதில் போகாத வழி

இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. மூச்சு நின்ற நிமிஷத்தோடு ஒருவருடைய காரியம் கர்த்தர் கைக்குப் போய்விடுகிறது, அதற்குமேல் நாம் கேட்கவும் ஒன்றுமில்லை, அவர்கள் கேட்கவும் ஒன்றுமில்லை என்றுதான் சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது. நானும் அதை அப்படியே நம்பினேன். போதாததற்குத் தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் பொறியாளராக இருந்தவன். தானாக மணியடிக்கிற போன், எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிற போன் என்று எத்தனையோ பேர் வெளிறிப்போய் வந்து நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் கடைசியில் நனைந்துபோன ஒரு கம்பியை எடுத்துக் காட்டி அனுப்பியிருக்கிறேன். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதில் நான் செய்ததும் செய்ததுதான்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் கிளவுட் வேலை படித்தேன். அறுபது வயதில் படித்துத் தேறினேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நாகர்கோவிலில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தபோது, 2015 வாக்கில், குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கோயிலின் பங்குச்சாமியார் கூப்பிட்டார். ஊர்ப்பெயர் வேண்டாம். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பூசை வைப்பது கத்தோலிக்கர் வழக்கம். பூசைக்குப் பேர் கொடுப்பது என்பார்கள், பூசை தொடங்குமுன் அந்தப் பெயர்களைக் கோயிலில் சத்தமாக வாசிப்பார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்ததால், அங்கிருந்தே போனில் பேர் கொடுக்க ஓர் இணையதளம் வேண்டும் என்றார். செய்து கிளவுடில் வைத்தோம். கிளவுட் என்றால் பெரிய மாயமில்லை, நம் கம்ப்யூட்டரைக் கண்ணில் படாத யாருடைய கட்டடத்திலோ குடிவைப்பதுதான். அதற்கு முன்னால் ஃபயர்வால் என்று ஒரு காவல் இருக்கும். களியக்காவிளை செக்போஸ்ட் மாதிரி, உள்ளே வருகிற எதுவும் அங்கே நின்று பதிந்துவிட்டுத்தான் வர வேண்டும்.

ஒரு சனிக்கிழமைச் சாயங்காலப் பூசையில் வாசித்த பட்டியலில் கடைசிப் பெயர் கிளீட்டஸ். ஆன்ம இளைப்பாற்றிக்காக. கேட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அது சாதாரணப் பெயர் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், நாள்கணக்காகக் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கல் மீன்பிடிக்குப் போன வள்ளத்தில் நாலு பேர் இருந்தார்கள். மூன்று உடல்கள் கிடைத்தன, கிளீட்டஸ் மட்டும் கிடைக்கவில்லை. ஏதோ கப்பல் அவனை ஏற்றிக்கொண்டு போயிருக்கும், ஏதோ நாட்டு ஜெயிலில் இருப்பான் என்று அவன் மனைவி ஸ்டெல்லா உறுதியாக இருந்தாள். அப்படி வந்தவர்களும் அந்தக் கடற்கரையில் உண்டு. அவள் தாலியைக் கழற்றவில்லை, ஒரு பூசைக்குக்கூடப் பேர் கொடுக்கவில்லை. பேரைக் கேட்டதும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று, "எனக்க மாப்பிளைக்கு எவன் பூச குடுத்தது? உயிரோட இருக்கிய மனுசனுக்கு எவம்லே பூச குடுத்தது?" என்று கத்தினாளாம். பூசை தொடங்கவே கால் மணி நேரம் ஆயிற்றாம்.

சாமியார் எனக்குப் போன் செய்தார். வேடிக்கையாகப் பேசுகிறவர். "சாரே, ஒங்க சபையில செத்தவங்களுக்கு ஜெபிக்க மாட்டியளாமே? நீங்க ஜெபிக்காண்டாம். இந்தப் பேர எவன் குடுத்தான்னு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்க, உங்களுக்காக நான் ஜெபிக்கேன்."

அரைமணி நேர வேலை என்று நினைத்தேன். ஃபயர்வால் பதிவில் அந்த வாரம் வந்த எல்லாப் பெயர்களும் இருந்தன, எந்த நேரத்தில் எந்த நாட்டிலிருந்து என்பதோடு. கிளீட்டஸ் மட்டும் இல்லை. செக்போஸ்டில் நிற்காமல் உள்ளே வந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் அதே பெயர் பட்டியலில் ஏறியது. இந்தமுறை சாமியார் முதலிலேயே பார்த்து அடித்துவிட்டார். செக்போஸ்ட் இருக்கும்போது லாரி ஊடுவழியில் வருகிறதென்றால் ஊடுவழி ஒன்று இருக்கத்தானே வேண்டும். தேடினேன். மூன்றாம் நாள் கிடைத்தது.

இணையதளம் செய்தபோது மஸ்கட்டிலிருந்து சோதித்துப் பார்க்கக் கிளவுடிலேயே தனியாக ஒரு சின்ன நெட்வொர்க் போட்டிருந்தோம். மஸ்கட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒரு பையன்தான் சோதித்துக் கொடுத்தான். அதற்குள் நுழையும் சாவியை, அதாவது கடவுச்சொல்லை, அவனிடம்தான் கொடுத்திருந்தோம். கெட்டிக்காரன். பெயர் ஜெரோம். கிளீட்டஸின் தம்பி. சோதனை முடிந்து அந்த நெட்வொர்க்கில் இருந்த இயந்திரத்தை அணைத்துவிட்டோம், ஆனால் அங்கிருந்து எங்கள் சர்வருக்கு நேராக வரும் வழியை நான் அழிக்க மறந்திருந்தேன். பொதுவான வழியும் நேரான வழியும் இருந்தால் தகவல் நேரான வழியில்தான் போகும், அதுதான் விதி. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம் பங்கு அலுவலகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா மீன் ஏலம் முடிந்து நேராக வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சாமியார் எவ்வளவோ சொல்லியும் எழுந்து போகவில்லை.

"சாரே, இது ஒரு மனுசன் செய்ததுதான?"

"பின்ன யார் செய்வா?"

"அத நீங்க வாயால சொல்லுங்க. மனுசன் செய்ததுன்னா அவரு எங்கயோ இருக்காருன்னு அர்த்தம். எவனோ பொறாமையில செய்யுகான், செய்யட்டு. மனுசன் செய்யல்லன்னா..." மிச்சம் எனக்கும் புரியாமலில்லை.

அந்த ஊடுவழியில் நானே ஒரு பெயரை அனுப்பிக் காட்டிவிடலாம் என்று, பழைய நெட்வொர்க்கில் ஓர் இயந்திரத்தை இயக்கி அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. திரும்ப அனுப்பினேன். திரை காத்திருந்து காத்திருந்து முடியவில்லை என்றது. ஏன் என்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்குமுன் ஒன்று "பேசலாமா" என்று கேட்கும், மற்றது "பேசு" என்று சொல்லும், அதற்குப் பிறகுதான் ஒரு சொல்லாவது போகும். இங்கே கேள்வி ஊடுவழியில் நேராக வந்துவிடுகிறது. எங்கள் சர்வர் சொல்லும் பதிலோ, திரும்பிப் போகும் நேர்வழியை மட்டும் சோதனை முடிந்ததுமே நான் அழித்துவிட்டிருந்ததால், செக்போஸ்ட் வழியாகப் போகிறது. கேள்வி உள்ளே வந்ததையே பார்க்காத ஃபயர்வால், கேட்காததற்கு என்ன பதில் என்று அதை எறிந்துவிடுகிறது. கேட்பவனுக்குப் பதில் ஒருநாளும் கிடைக்காது. பதில் கிடைக்காமல் பேச்சுத் தொடங்காது. அந்த வழியில் ஒரு எழுத்துகூட வந்து சேர முடியாது.

என் இயந்திரத்தை அணைத்தேன். பழைய நெட்வொர்க் மறுபடியும் ஆளில்லாத வீடு. பிறகு சர்வருக்கு என்னதான் வருகிறதென்று பதிவைத் திறந்தேன். ஆளில்லாத அந்த வீட்டின் ஒரு முகவரியிலிருந்து கேள்வி வந்துகொண்டிருந்தது. பேசலாமா. பேசலாமா. பேசலாமா. பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், நாள்கணக்காக அதே கேள்விதான், நூற்றுக்கணக்கில். ஒன்றுக்கும் பதில் போய்ச் சேரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நம்பினால் நம்புங்கள், பக்கத்துத் திரையில் பூசைப் பட்டியலில் ஒரு வரி ஏறியது. கிளீட்டஸ். ஆன்ம இளைப்பாற்றிக்காக.

ஸ்டெல்லாவும் பார்த்தாள். என் முழங்கையைப் பிடித்தாள். அவள் விரல்களில் மீன்பெட்டி ஐஸின் குளிர் இன்னும் இருந்தது. "சொல்லுங்க சாரே. யாரு?"

சாமியாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷத்தில் யாரிடமும் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "இந்த வழிக்குச் சாவி ஜெரோம்கிட்டதான் இருந்துது" என்றேன்.

அவன் அந்தச் சாவியைப் பயன்படுத்தியதாக எங்கும் பதிவில்லை. பயன்படுத்தியிருந்தாலும் அந்த வழியில் பெயர் வந்திருக்க முடியாது. இரண்டும் தெரிந்தே சொன்னேன். அன்று மாலை கோயிலுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் காரணம் என்ற இடத்தில் அதையே எழுதினேன். அந்த இடத்தைக் காலியாக விட்டு நான் ஒரு அறிக்கையும் கொடுத்ததில்லை.

ஸ்டெல்லா அங்கேயே அவனுக்குப் போன் போட்டாள், எல்லோரும் கேட்கும்படி.

"மைனி, சொல்லுங்க மைனி. சாப்பிட்டியளா?"

"ஒனக்க அண்ணன் செத்தாச்சுன்னு ஒனக்கு யாருலே சொன்னா? அவருக்குப் பூச குடுக்க ஒனக்கு எப்பிடிலே மனசு வந்துது?"

அவன் சத்தியம் செய்தான். அண்ணன் மேல், அம்மா மேல், மாதா மேல். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான். "சாரே, நீங்க படிச்சவரு. நான் செய்ததா நீங்க பாத்தியளா?"

"வழி ஒனக்க கையிலதான இருந்துது தம்பி."

அவனுக்குப் பின்னால் எங்கோ ஏசி ஓடுகிற சத்தம். "அப்ப சரி சாரே" என்று வைத்துவிட்டான்.

நான் அந்த வழியை அழித்தேன். அடுத்த சனிக்கிழமை பெயர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஊருக்கு அது போதும். சாவியைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது பார்த்தியா என்றார்கள். ஜெரோம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்குப் பேசுகிறவனாம். அவன் பேசினால் எடுக்க வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அண்ணனுக்குக் குழிதோண்டியவன் என்று அவனுக்குப் பெயர். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு வரவில்லை. சாமியார் சமாதானம் பேசிப்பார்த்தார். "சாரு சொன்னது சாரு வாயாலயே பொய்யின்னு சொல்லட்டு, நான் வாறேன்" என்றானாம். அதை அவர் என்னிடம் சொன்னார். நான் போய்ச் சொல்லவில்லை. மூன்றாம் வருஷம் மஸ்கட்டில் அவன் அறையில், தூங்கின இடத்திலேயே, மாரடைப்பு. வயது முப்பத்தொன்று.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் பெட்டியை எடுக்கப் போனவர்களோடு நானும் போனேன். ஏன் வருகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் கலைந்த பிறகு ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வழியில் ஒன்றும் வந்திருக்க முடியாது என்பது, அவன் பெயர் எங்கும் இல்லை என்பது, தெரிந்தேதான் சொன்னேன் என்பது. ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும் சாரே" என்றாள். "நானும்தான அந்த வரி ஏறுகத கண்ணால கண்டேன். நீங்க ஒரு மனுசனுக்க பேரச் சொல்லணும்னு ஒங்க கையப் பிடிச்சிட்டு நின்னேன். நீங்க தந்திய, நான் வாங்கினேன். அந்தப் பையன் மேல கொண்டு வச்சோம் ரெண்டு பேருமா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனி ரெண்டு பேருக்கும் பூச குடுக்கேன். வேற என்ன செய்ய?"

அந்த வாரமே கொடுத்தாள். கிளீட்டஸ், ஜெரோம் என்று அடுத்தடுத்து வாசித்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன், முதல்முறையாக அந்தப் பூசையில். என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்கள் முழங்காலிட்டபோது நானும் முழங்காலிட்டேன். பூசை முடிந்து வெளியே வரும்போது அவள் கழுத்தில் தாலி இல்லை.

வீட்டுக்கு வந்து, ஏன் செய்தேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை, அழித்த வழியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பழைய நெட்வொர்க்கில் ஓர் இயந்திரமும் இல்லை. நானே இரண்டு தடவை சரிபார்த்தேன். பத்து நிமிஷத்துக்குள் பதிவில் அந்தக் கேள்வி வரத் தொடங்கியது. பேசலாமா. பேசலாமா. முன்பு அது ஒரே முகவரியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு முகவரிகளிலிருந்து வருகிறது.

வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வழியை நான் மூடவில்லை. பதிலும் அதே வழியில் திரும்பிப் போகும்படி செய்ய இரண்டு வரி எழுதினால் போதும், கேட்கிறவர்களுக்குப் "பேசு" என்று போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த இரண்டு வரியைத் தட்டச்சு செய்து பார்க்கிறேன், அழிக்கிறேன். இன்று காலையும் அழித்தேன்.