வெங்காயப் பாத்திக்கு வந்த ஆர்க்கிட்

தாவரவியல் பூங்காவில் ஆர்க்கிட் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு மகாராணி என்று பட்டப்பெயர். பூவுக்கு இருந்த மவுசில் பாதி அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மகாராணியின் மனசு கிடந்ததோ வெங்காயப் பாத்தியில்! அந்தப் பாத்தியைப் பார்த்துக்கொண்ட, மனைவியை இழந்த பாத்திக்காரரிடம் “சாப்பிட்டாச்சா?” என்பதைத் தாண்டி அவளுக்கு வாய் வரவில்லை. அவரை வேறொரு பூங்காவுக்கு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில் தாவர ஆய்வாளர் புதுப் பெயர்ப்பலகையோடு வந்தார்.

“முன்னெல்லாம் தாவர வகைப்பாட்டுல ஆர்க்கிட்டுக்குன்னு தனித் துறைம்மா. இப்போ மரபணுவைப் பாத்துட்டு, வெங்காயம், பூண்டு, கத்தாழை இருக்கிற துறையிலயே சேத்துட்டாங்க.”

“அப்போ வெங்காயமும் இதுவும் ஒரே குடும்பமா சார்?”

“குடும்பம் வேற வேறதான். கொஞ்சம் தள்ளிச் சொந்தம்.”

சொந்தமாமே! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டுக்கும் இதழ்கள் மூன்று மூன்றாக அடுக்கியிருப்பதை இத்தனை நாள் பார்த்தும் தோன்றவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டாள். பூத்துக் குலுங்கிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வெங்காயப் பாத்தி நடுவில் வைத்தாள்.

“உங்க சொந்தக்காரி வந்திருக்கா, பாத்துக்கோங்க!” என்று சொல்லிவிட்டு ஒரே ஓட்டம்.

மத்தியானம் முதல் வாய்ச் சோறு உள்ளே போனபோதுதான் சுரீர் என்றது. அடி பைத்தியமே! வெங்காயம் வெட்டவெளி வெயிலில் வளர்கிறது. ஆர்க்கிட்டுக்கு அந்த வெயில் ஆகுமா? கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள்.

பாத்திக்காரர் தொட்டிக்குக் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். பூ சுகமாக இருந்தது. அவர் சட்டைதான் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“சொந்தம்னா ஒரே வெயில்ல நிக்கணுமா என்ன?” என்று சிரித்தார்.

“ஏங்க, கூடத்துல கொண்டு வந்து வெச்சிருக்கலாமே!”

“வெச்சிருக்கலாம். அப்புறம் நீங்க எதுக்கு இங்க வரப் போறீங்க?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. இப்போது விட்டால் இனி எப்போது?

“அந்தப் பூங்காவுக்குப் போறீங்களா?”

“போகட்டுமா?”

“போனா நானும் கூட வருவேன்!”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் இரண்டடி தள்ளி வந்து அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

“ஐயோ, பூ!” என்று ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் பாய்ந்தார்கள்.