கரும்புகை விட்ட சிவப்புக் கார்

மங்கிய பித்தளையைக் கண்டால் என் மாமா பழனியாண்டிக்குப் பொறுக்காது. தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் ஊரான மோகாவில் கோவில் விளக்குகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது அவர்தான். யாரும் கொடுத்த வேலை அல்ல, அவரே எடுத்துக்கொண்டது. மற்ற நாட்களில் அவர் மெக்கானிக். சர்க்கரை ஆலையில் டிராக்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், 1961இல் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டார்.

தைப்பூசம் நெருங்கிய சமயம் முதலில் வந்தது ஆலைக் குமாஸ்தா மொரீஸின் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், சிவப்பு நிறம். அதே மாதிரிக் கார் வைத்திருந்த நண்பர்கள் மொரீஸுக்கு உண்டு. இது நன்றாக ஓடினால் அவர்களும் வருவார்கள். ஓடாவிட்டால் மாமா மறுபடி ஆலை வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அந்தக் காரில் இரண்டு. மாமா இரண்டையும் பிரித்து, கழுவி, புது வாஷர் போட்டுப் பூட்டினார். நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடியது. மேடு ஏறியதும் பின்னால் கரும்புகை கிளம்பியது.

"பழனி, இது காரா, கரும்பாலைப் புகைக்கூண்டா?" என்றார் மொரீஸ். "சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் போர்ட் லூயிஸ் டவுன்ல வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

மாமா எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் கரி. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஆனால் எங்கிருந்து? கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவு மீறாமல் காக்கும் மிதவைகளின் மட்டம் சரியாக இருந்தது. அடியிலிருந்த நட்டைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்தார். உடனே நின்ற இடத்தில் எஞ்சின் திணறி அணைந்தது. மேட்டிலோ புகை கொஞ்சம்தான் குறைந்தது. இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே குறை. இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி கெடுமா? பயத்தைவிட அந்தக் கேள்விதான் அவரைத் தூங்கவிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தில் கரண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வியாழக்கிழமை மாமாவின் மனைவி கண்ணம்மா அத்தை கோவில் விளக்கொன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல எங்க தாத்தா பேரு வெட்டியிருந்துச்சு. எங்க, படிங்க பாப்போம்."

மாமா பார்த்தார். எழுத்து இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

"வருஷா வருஷம் தேய்ச்சு எங்க தாத்தாவையே அழிச்சிட்டீங்க!"

மாமா விளக்கைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். பிறகு எழுந்து கொட்டகைக்குப் போனார்.

ஒவ்வொரு கார்புரேட்டரிலும் பெட்ரோல் துளைக்குள் ஒரு பித்தளை ஊசி தொங்கும். மேலே தடித்து, கீழே போகப் போக மெலிந்திருக்கும். மேடு ஏறும்போது ஊசி உயரும்; உயர உயர இடைவெளி அகன்று பெட்ரோல் கூடும். எந்த வகை ஊசி என்பதற்கான எழுத்து அதன் தலைப்பக்கத்தில் பொறித்திருக்கும். மாமா இரண்டையும் உருவி வெளிச்சத்தில் பிடித்தார். கோவில் விளக்குப் போல மின்னின. எழுத்தைக் காணோம்.

"அடப்பாவி!"

"யாரைத் திட்டுறீங்க?" என்று கேட்டபடி அத்தை வந்தாள்.

"என்னைத்தான். விளக்குக்குக் கரைச்ச புளியில சாம்பல் போட்டு இதையும் தேய்ச்சுட்டேன் கண்ணம்மா. ஊசி இளைச்சுப்போச்சு, அதான் பெட்ரோல் கூடப் போவுது."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பழைய காரு, தானா தேஞ்சுதுன்னு சொல்லிடுங்களேன்."

"ரெண்டும் ஒரே வாரத்துலயா? நானே நம்பமாட்டேனே!"

மறுநாள் காலை ஊசிகளை மொரீஸின் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னார். மொரீஸ் வெகுநேரம் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் காருக்குப் பூசை பண்ணிட்டியா?"

"ஆமாங்க மிஸ்யே. புது ஊசி என் செலவு. எந்த எழுத்துன்னுதான் தெரியல."

மொரீஸ் உள்ளே போய்க் காரோடு வந்த புத்தகத்தைத் தேடியெடுத்து எழுத்தைப் பார்த்துச் சொன்னார். மாமா அன்றைக்கே பஸ் பிடித்துப் போர்ட் லூயிஸ் போய் ஊசிகளை வாங்கிவந்தார்.

சனிக்கிழமை மேடு ஏறும்போது மாமா ஓட்டினார். மொரீஸ் பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தார். உச்சிக்கு வந்ததும், "புகை ஒண்ணுமில்ல," என்றார், ஏதோ ஏமாந்தவர் போல.

அடுத்த வாரம் அவருடைய நண்பர் ஜாக் பச்சைக் கார் ஒன்றைக் கொட்டகைக்குள் நிறுத்திச் சாவியை நீட்டினார். "புளி போடுற மெக்கானிக் நீதானா? கழட்டு, கழுவு, என்ன வேணா பண்ணு. பளபளப்பு மட்டும் வேணாம்."

ஜாக்கின் கார் ஊசிகள் நன்றாகக் கறுத்திருந்தன. மாமா அவற்றைப் பெட்ரோலில் கழுவினார். கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு கறுப்போடு அப்படியே மாட்டினார்.