ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது பட்டன்கள்

என் சித்தி பட்டன் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். வீட்டிலும் வேலையிலும் அவளை ‘மீதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வகுத்தல் மட்டும் நிற்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை, மீதி எத்தனை என்று ஒரே மூச்சில் சொல்வாள். மீதி வந்தால் முகம் வாடிவிடும்.

தொழிற்சாலையில் அந்த வாட்டம் அன்றாடம் இருந்தது. பட்டன்களை அட்டைக்கு இத்தனை என்று கோத்து அனுப்புவார்கள்; ஓர் அட்டை நிறையப் போதாமல் மிஞ்சுபவற்றை மூலைச் சாக்கில் கொட்டிவிடுவார்கள்.

ஒருமுறை பெரிய ஆர்டர் வந்தது. ஏழு லட்சத்துக்கு மேல் வேண்டும். அட்டைக்கு எத்தனை என்பதை மட்டும் பிறகு சொல்வார்களாம். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். சித்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் பெருக்கிப் பார்த்துவிட்டு அவரிடம் போனாள்.

“ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்து இருபது போடுங்க சார்.”

“அது என்னம்மா, போன் நம்பர் மாதிரி?”

“ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி வராது. இதைவிடச் சின்ன எண் எதுவும் அப்படி வராது. பதினாறு, ஒன்பது, அஞ்சு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, இவங்களைப் பெருக்கினாப் போதும். ஆறுக்கும் பன்னெண்டுக்கும் தனியா இடம் வேணாம், அவங்க ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்காங்க.”

சூப்பர்வைசருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அப்படியே போட்டார்.

முதலில் அட்டைக்குப் பன்னிரண்டு என்றார்கள். மறுவாரம் பதினான்கு. ஒவ்வொரு முறையும் சித்தி அலட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டினாள். கடைசியில் பதினேழு என்று வந்தது. அன்றுதான் அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“பதினெட்டுன்னா சரியா வருமே சார். ஒண்ணு கூட்டிக்கச் சொல்லுங்களேன்.”

அவர் போன் செய்து கேட்டே விட்டார். அட்டையில் பதினேழு துளை போட்டாகிவிட்டதாம்.

“அப்போ மீதி அஞ்சு,” என்றாள் சித்தி, துக்கம் சொல்வதுபோல.

நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து அட்டைகள் நிறைந்தபின் தட்டில் ஐந்து பட்டன்கள் கிடந்தன. சூப்பர்வைசர் இரண்டு தரம் எண்ணினார். பிறகு அவற்றைச் சாக்கில் போடாமல் காகிதத்தில் மடித்து அவளிடம் நீட்டினார்.

“நீங்களே வச்சுக்குங்க, மீதிம்மா.”

அன்று சாப்பிடும்போது சித்தப்பாவிடம் சொன்னாள்: “பதினேழையும் சேர்த்துப் பெருக்கிட்டேன். ஒரு கோடியே இருபத்திரெண்டு லட்சத்து ஐம்பத்திரெண்டாயிரத்து இருநூத்து நாப்பது. இனிமே பதினெட்டு வரைக்கும் எவன் கேட்டாலும் மீதி கிடையாது.”

சித்தப்பா பஸ் மெக்கானிக்; பேச்சு குறைவு. யோசித்துவிட்டுக் கேட்டார்:

“பத்தொன்பது கேட்டா?”

“பேசாம சாப்பிடுங்க,” என்றாள் சித்தி. ஆனால் அவள் தட்டில் கை ஓடவில்லை. உதடுகள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. சித்தப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தார்.