பச்சை எழுத்துக் கடிதங்கள்

அண்ணாச்சியின் வலது தோள் சற்றுத் தாழ்ந்திருக்கும். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எடுக்கும் வேலையில், தையல் மெஷின் கனமுள்ள அந்தக் காலத்துப் பெட்டிக் கம்ப்யூட்டரைக் கப்பல் கப்பலாகத் தூக்கித் திரிந்ததால் வந்த சாய்வு.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டரைத் துண்டால் மூடி என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். பழுது பார்த்ததும் திரையில் பச்சை எழுத்தில் கடிதங்கள் தெரிந்தன. சரக்கு இறங்கும்வரை காத்திருந்த நேரங்களில் மனைவிக்கு எழுதியவை. அந்த மெஷினில் தமிழ் வராது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். மனைவிக்கு ஆங்கில எழுத்து தெரியாது. வாசித்துக் காட்ட இவருக்கு வெட்கம். ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லையாம்.

“தமிழ்ல மாத்தி பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா, அண்ணாச்சி?”

“வேண்டாம் தம்பி. இப்பதான் வாசிச்சுக் காட்டுதேன்னு சொல்லியிருக்கேன். அவளே வாசிச்சிட்டா, பக்கத்துல நான் எதுக்கு?”

மறுபடியும் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு போனார். அவர் வாசிக்கையில், தலை சாய்க்க வாகான அந்தத் தாழ்ந்த தோள் பக்கமாகத்தான் அந்த அம்மா உட்காருவார் என்று நினைத்துக்கொண்டேன்.