சோலி சேர்ந்தால்தான் கார்

எங்கள் வீட்டுக் காருக்கு ஒரு போர்வை உண்டு. பழைய மெத்தை உறைகளைப் பிரித்து நானே தைத்தது. கோவில்பட்டிக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டு முன்கொட்டகையில் அந்தக் கறுப்புக் கார் போர்த்திக்கொண்டு நிற்கும். கரிசல் புழுதி படியாமல் இருக்கத் தினமும் காலையில் போர்வையை உதறுவேன். தெருவில் போகிற பெண்கள் என்னைக் 'கார்க்கார வீட்டம்மா' என்பார்கள். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அந்தக் காரில் நான் ஏறிய நேரத்தைவிட அதன் போர்வையை உதறிய நேரம்தான் அதிகம் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

என் வீட்டுக்காரருக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கமிஷன் கடை. நல்ல மனிதர். ஆனால் பெட்ரோல் ஊற்றும்போது மட்டும் தன் ரத்தத்தையே ஊற்றுவதுபோல முகம் சுண்டிவிடும். அதற்காக ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒரே திசையில் மூன்று சோலியாவது சேர்ந்தால்தான் கார் கொட்டகையைவிட்டு வெளியே வரும். எட்டயபுரத்தில் ஒரு கல்யாணம் என்றால், அதே பக்கம் வசூலுக்கு ஓர் ஆளும், மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஒன்றில் சரக்குப் பார்ப்பதும் சேர வேண்டும். சேராவிட்டால் மொய் மணியார்டரில் போகும். கயத்தாற்றை அடுத்த ஊரில் இருந்த என் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு சோலி. மீதி இரண்டு சோலிக்காக நான் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பேன். பஸ்ஸில் போகிறேன் என்றால் கௌரவம் தடுக்கும். "கார் வச்சிருக்கவன் பொண்டாட்டி பஸ்ஸுல போனா ஊரு சிரிக்காதா? சோலி சேரட்டும், போவோம்" என்பார்.

என் அக்காவின் கதை வேறு. அவளைக் கட்டிக்கொடுத்தது கயத்தாற்றுச் சாலையில் பாதி வழியில், உள்ளே தள்ளி, காடு வைத்து விவசாயம் பார்த்த ஒரு சம்சாரி வீட்டில். அத்தான் முதலில் மோட்டார் சைக்கிள்தான் வைத்திருந்தார். பெட்ரோலுக்குக் கொடுத்து மாளவில்லை என்று அதை விற்றுவிட்டு ஒரு வில்வண்டியும் இரண்டு காளைகளும் வாங்கினார். "எல்லாரும் வண்டியில இருந்து காருக்கு ஏறுதாக, இவிய இறங்குதாகளே!" என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தானுக்குக் கோபமே வரவில்லை. "இதுக்குத் தீனி என் காட்டுல விளையுது கொழுந்தியா. ஒன் காருக்கு எந்தக் காட்டுல விளையுது?" என்றார். சோளத்தட்டை அவர் காட்டில் விளைந்தது. பருத்திக்கொட்டை எங்கள் கடையிலிருந்து போனது. எங்கள் கடைச் சரக்கைத் தின்று கொழுத்த மாடுகள்தான் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டன.

அந்த வண்டியில் அக்கா போகாத இடம் இல்லை. எங்கள் சபைக் கோயில் அசன விருந்துக்குப் போவாள். போளி தின்ன ஆசை வந்தால் கடம்பூருக்குப் போவாள். நினைத்தால் அம்மாவிடம் போவாள். நான் சோலி சேர்ந்து போய் இறங்கும்போதெல்லாம் அம்மா, "முந்தாநேத்துதான் ஒங்க அக்கா வந்துட்டுப் போனா" என்பாள்.

"எதுக்கு வந்தாளாம்?"

"எதுக்குமில்ல, சும்மாத்தான் வந்தா. ஆமா, மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் என்ன சோலி?"

குத்திக் கேட்கிற சுபாவம் அம்மாவுக்குக் கிடையாது. வாசலில் கார் நின்றால் மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது. எனக்குத்தான் சுருக்கென்று தைக்கும். அந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்காகவே அக்காமேல் எனக்குப் பொறாமை. என் பெட்டி நிறைய இருந்த பட்டுச் சேலைகளில் ஒன்றுகூட அந்தச் சொல்லுக்கு ஈடாகவில்லை.

அப்பா இறந்த பிறகு அம்மா தனி ஆளானாள். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டுக்குத்தான் அவள் வர வேண்டும். "ஒரே நாள்ல ரெண்டு பேரும் கூப்பிட வாங்க, அன்னைக்குச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டாள். நான் ஜன்னல் வைத்த அறைக்கு வெள்ளையடித்தேன். புதுக் கட்டில் போட்டேன். அம்மா எனக்கு வேண்டும் என்ற ஆசை பாதி என்றால், அக்காவுக்குக் கிடைக்கக் கூடாது என்ற ஆசை மீதிப் பாதி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போகிற அன்று காலையில் போர்வையை எடுத்தால், காரின் பின்சீட்டு முழுக்கப் புண்ணாக்கு மூட்டை. "போற வழிதான? கயத்தாத்துக் கடைக்குப் போட வேண்டிய சரக்கு. வெறும் வண்டியா எதுக்குப் போகணும்?" என்றார் அவர். கயத்தாற்றில் அந்தக் கடை இன்னும் திறந்திருக்கவில்லை. திரும்பும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று மூட்டைகளோடே அம்மா வீட்டு வாசலில் போய் நின்றோம். அங்கே அக்காவின் வில்வண்டி ஏற்கெனவே நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே கல்யாண ஜமுக்காளம் விரித்து, ஒரு தலையணையும் போட்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் யோசிக்கக்கூட இல்லை. "காரு வந்திருக்குல்லா, பொறகென்ன?" என்று அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் காரிடம் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. அம்மா வந்து கார்க் கதவுக்குள் குனிந்து பார்த்தாள். புண்ணாக்கு வாடை குப்பென்று அடித்தது.

"ஒரு மூட்டையக் கால்மாட்டுல தள்ளிருதேன் அத்தை, தாராளமா உக்காரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் கன்னத்தைத் தடவினாள். "ஏட்டி, நீ சோலியோட சோலியா என்னையக் கூப்பிட வந்திருக்க. அவ என்னைய மட்டும் கூப்பிட வந்திருக்கா. நான் அதுலயே போறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் அழுது, காலைப் பிடித்து, மல்லுக்கட்டியிருப்பேன். அத்தான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று ஒரு பார்வையாவது பார்த்திருந்தால் அங்கேயே ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன். அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

வண்டி முன்னால் போய்விட்டது. நாங்கள் கயத்தாற்றில் மூட்டைகளை இறக்கிவிட்டு, அவர் இன்னும் இரண்டு பேரைப் பார்த்துப் பேசி முடித்துக் கிளம்பினோம். இப்போது பின்சீட்டு காலியாகக் கிடந்தது. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாலை ஓர் ஓடைப் பாலத்தை நோக்கிச் சரிகிற இடத்தில் அவர் எஞ்சினை அணைத்துவிட்டார். இறக்கத்தில் பெட்ரோல் எதற்கு என்பது அவர் கணக்கு. கார் சத்தமில்லாமல் உருண்டது. முன்னால் அக்காவின் வண்டி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பின்னால் வருவது அவர்களுக்குத் தெரியாது. அக்கா ஏதோ சொன்னாள். அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எஞ்சின் ஓடியிருந்தால் அன்றும் கேட்டிருக்காது.

"பாத்தியா, சொட்டுப் பெட்ரோல் இல்லாம எவ்வளவு தூரம் வந்துட்டோம்!" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர்கள் யாரும் இப்போது இல்லை. அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேரன் என்னைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது சிக்னலில் எஞ்சினை அணைக்கிறான். பெட்ரோல் மிச்சமாம். அவன் அணைத்ததும் எனக்கு அம்மாவின் சிரிப்பு கேட்கிறது. அது என்னோடு சிரித்த சிரிப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று இந்த வயதிலும் வயிறு எரிகிறது.